ஆறாத கால் புண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெரம்பூரில் இருக்கிறோம். 18 வருடமாகச் சர்க்கரை, பீடிப் பழக்கமும் உண்டு. நாலு கடை தள்ளி நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கட்டைவிரல் புண் ஆறு வாரமாக ஆறவில்லை. ரத்த ஓட்டம் குறைவாம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் (புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்) எடுத்துக் காலில் போட்டால் சரியாகும், மூன்று லட்சம் ஆகும் என்கிறது ஒரு கிளினிக். நகையை வைத்துப் போடலாமா?

மருத்துவர் பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. இந்த வாரத்துக்குள் அப்பாவை ரத்தநாள அறுவைசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆறு வாரம் ஏற்கெனவே போய்விட்டது என்பதுதான் என் கவலை.

அங்கே டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) பார்ப்பார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வருவது அடைப்பின் அடையாளம். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு நாளத்தில் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தால், அடைப்பு இருந்தும் கணக்கு நார்மல் போல வரும். கால்விரல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஆஞ்சியோகிராம், அதாவது அடைப்பு எங்கே என்று ரத்தநாளத்தைப் படம் எடுப்பது. பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ ரத்தத்தைக் கொண்டுபோக முடிந்தால், அதுதான் முதல் சிகிச்சை.

ஸ்டெம் செல் முழுப் பொய் அல்ல. கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் செல் மருந்துக்கு, இப்படி ரத்த ஓட்டம் மிக மோசமான கால்களுக்காக 2020-ல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் தந்தது. கெண்டைக்கால் தசையில் போடுவார்கள். அடைப்பைத் திறக்க வழியே இல்லை என்று நிபுணர் சொன்னால், அதைப் பற்றி அவரிடமே பேசலாம். உங்களிடம் சொன்ன கொழுப்பு ஊசி வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி அது ஆராய்ச்சிக்குள் மட்டுமே செய்ய வேண்டியது, நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. எலும்பு மஜ்ஜை செல்லிலேயே எல்லா ஆய்வும் ஜெயிக்கவில்லை. நெதர்லாந்தில் 160 பேரை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், காலை எடுக்க வேண்டிய நிலை அதனால் குறையவில்லை.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தொடர்ந்தால் போட்ட பைபாஸும் அடைத்துக்கொள்ளும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் வெந்துபோவது தெரியாது. விரல் கறுத்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஓ.பி. நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.