மதுரைக்கு அரை மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா?

கீழக்கரை வாசகி ஒருவரின் கேள்வி: "துபாயில் தம்பி வீட்டில் இருக்கும் வாப்பா (வயது 70) தனியாக ஊர் திரும்புகிறார். சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து மதுரைக்குத் தனி டிக்கெட், நடுவில் இரண்டு மணி நேரம் என்று டிராவல்ஸ்காரர் போட்டுத் தருகிறார். சென்னை–மதுரை வான்வழியாக 420 கி.மீ., அரை மணி நேரப் பயணம் என்று இணையத்தில் இருக்கிறது. டிக்கெட்டிலோ 1 மணி 25 நிமிடம். எதை நம்புவது? தூத்துக்குடிக்கு வந்தால் சீக்கிரமா?"

டிக்கெட்டை நம்புங்கள், சகோதரி. 420 என்பது வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். அதை ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 830 கி.மீ.யால் வகுத்தால் அரை மணி வரும். ஆனால் அந்த வேகம் மேலே ஏறிய பிறகுதான். மதுரைக்கு ஏறி முடித்த சற்று நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும். ஓடுபாதை வரை ஊர்வது, முறைக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் போய்ச் சேர்வது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேர்த்தி. தாமதம் என்ற பேர் வரக்கூடாதென்று கம்பெனிகள் சில நிமிடங்களைக் கூட்டியும் போட்டுக்கொள்ளும்.

இதில் ஏடிஆர் என்ற சமாச்சாரம் ஒன்று உண்டு. இறக்கையில் காற்றாடி சுழலுமே, அந்தச் சின்ன விமானம். மணிக்கு 500 கி.மீ.தான் போகும். "அது ஸ்லோ பிளைட், கூடக் கொஞ்சம் கொடுத்தால் ஜெட்டில் போடுகிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 420 கி.மீ.க்கு ஜெட்டுக்கு 30 நிமிடம் என்றால் இதற்கு 50. இருபது நிமிடத்துக்காகவா பணத்தைக் கொட்டுவது? தூரம் கூடினால்தான் இந்த வித்தியாசம் உறைக்கும். சென்னை–தூத்துக்குடி சுமார் 530 கி.மீ.; ஏடிஆரில் வானத்தில் மட்டுமே ஒரு மணிக்கு மேல் ஆகும். கீழக்கரைக்கு இரண்டு விமான நிலையத்திலிருந்தும் ரோட்டுத் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். தூத்துக்குடிப் பக்கமாக இருக்கும் சாயல்குடிக்காரராக நீங்கள் இருந்தால் தூத்துக்குடி என்றே சொல்லியிருப்பேன்.

சரி, நீங்கள் கேட்காததுதான் எனக்குக் கவலை. இரண்டு டிக்கெட்! துபாய் விமானம் தாமதமானால் மதுரை டிக்கெட் போனது போனதுதான். அடுத்த விமானத்தில் ஏற்றிவிட யாருக்கும் கடமை இல்லை. இரண்டு பயணமும் ஒரே பிஎன்ஆரில் (ஒரே டிக்கெட் பதிவு எண்ணில்) இருந்தால் அது விமானக் கம்பெனியின் தலைவலி. தாமதமே இல்லாவிட்டாலும் சென்னையில் குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, சுங்கம், அப்புறம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு முனையம். அங்கே கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக வாப்பா கையில் இருப்பது இரண்டு மணி நேரம் இல்லை, ஒரு மணி நேரம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. துபாயில் 30 கிலோ ஏற்றியிருப்பார். தனி உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் பணம். டிராவல்ஸ்காரர் இதை வாயே திறக்க மாட்டார். இப்படிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கவுண்டரில் நின்ற பெரியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நம் ஊர்ப் பக்கமே விமான நிலையம் இருந்தால் இந்த அலைச்சலே தேவையில்லை. ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் கடற்படையின் ஓடுபாதை இருக்கிறது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ராமநாதபுரத்தின் பெயர் அடிபட்டது. 2025 தமிழக பட்ஜெட்டில் ராமேசுவரத்துக்கு விமான நிலையம் என்றார்கள். அறிவிப்பில் ஏறி ஊர் வந்து சேர முடியுமா?

துபாயிலிருந்து மதுரைக்கே நேர் விமானம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரே பிஎன்ஆர், சென்னையில் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவியும் கேட்டுவிடுங்கள். வரிசையில் கூடவே ஓர் ஆள் வருவார். பிஎன்ஆர் எண்ணை விமானக் கம்பெனியின் தளத்தில் நீங்களே அடித்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.