தீபாவளியிலிருந்து பொங்கல் வரை வாயைக் கட்டுவது எப்படி?

கேள்வியில் இருப்பது இதுதான்: தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக வருகின்றன, ஒவ்வொரு வருடமும் எடை ஏறுகிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, யார் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நான் டாக்டர் இல்லை. குன்னூர் பக்கம் ஒரு டீ பேக்டரியில் கணக்கு எழுதுகிறவன், வயது 47. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நான் சொல்வதைக் கேட்டுச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ரத்தப் பரிசோதனை செய்தேன். ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். அதாவது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். பண்டிகை நாளில் ரெண்டு லட்டு கூட ஆகிவிட்டது, அதனால்தான் இருக்கும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்குமாம், அதில் ஒட்டும் சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது, ஆகவே இது கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி, நேற்றுச் சாப்பிட்ட லட்டு இதில் தெரியாது என்றார். வெளியே வந்து கணக்குப் போட்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே வருடத்தைப் பொறுத்து 60 முதல் 90 நாள். பொங்கல் கழித்து டெஸ்ட் எடுத்தால் கையில் வருவது தீபாவளியிலிருந்து ஓடிய மொத்த பில்.

அடுத்த தீபாவளிக்குச் சபதம் எடுத்தேன், இனிப்பைத் தொடுவதில்லை என்று. காலை நாலரை மணி, குன்னூர் குளிர், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு தீபாவளி மருந்து மட்டும் ஒரு உருண்டை வாயில் போட்டேன் (அதிலும் வெல்லமும் நெய்யும்தான் பாதி என்பதைச் சவுகரியமாக மறந்துவிட்டேன்). மத்தியானம் விருந்து இருக்கிறதே என்று காலை இட்லியையும் தவிர்த்தேன். பதினொரு மணிக்குப் பசி கண்ணைக் கட்டியது. யாரும் பார்க்காதபோது அடுக்களையில் நின்றபடியே ஐந்து அதிரசம். ஆகவே முதல் விஷயம், விருந்தை நினைத்துப் பட்டினி கிடக்காதீர்கள். வழக்கமான காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இலையில் உட்காருபவன் ஒரு ஸ்வீட்டோடு எழுந்துவிடுவான். பசியோடு உட்காருபவனுக்கு அது முடியாது.

சபதம் போனதும் கணக்குப்பிள்ளை புத்தி வேலை செய்தது. பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றை எடுத்து, தீபாவளிக்கு மறுநாளிலிருந்து பத்து நாள், மூன்று வேளைச் சாப்பாட்டைத் தவிர வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதினேன். கைக்கு வந்தது ஒன்றுவிடாமல். அந்த நோட்டுதான் எனக்குப் பாடம் சொன்னது, எந்த டயட் சார்ட்டும் அல்ல.

தீபாவளியன்று தின்றதைவிட அடுத்த பத்து நாளில் தின்றது பல மடங்கு இருந்தது. அதுவும் யாரும் வற்புறுத்தாமல், ருசித்துக்கூடச் சாப்பிடாமல். எங்கள் வீட்டில் அடுக்களை ஸ்லாபின் மூலையில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா உண்டு, அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது, மூடியில் ஒரு நசுங்கல், திறக்கும்போது டங் என்று ஒரு சத்தம் வரும். முறுக்கு, தட்டை, ரவா லட்டு எல்லாம் அதற்குள். தண்ணீர் குடிக்கப் போனால் டங். ஸ்வெட்டரைத் தேடிப் போனாலும் போகிற வழியில் டங். 100 கிராம் முறுக்கில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது, பெரிய முறுக்கு நாலைந்து சேர்ந்தாலே அந்த எடை வந்துவிடும். நோட்டில் நான் எழுதியிருந்தது "முறுக்கு 2", "முறுக்கு 1", "உடைந்த முறுக்கு" (உடைந்ததற்குக் கணக்கில்லை என்று எல்லா வீட்டிலும் ஒரு நம்பிக்கை உண்டு), கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டு.

அதைவிட அதிர்ச்சி டீ. பனிக்காலத்தில், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, உறைபனியில் கொழுந்து கருகி பச்சை இலை வரத்து குறைந்துவிடும். இலை குறைந்தால் எனக்கு வேலை குறைவு, வேலை குறைந்தால் டீ அதிகம். குளிர் வேறு. ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ், கிளாசுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 48 கிராம். நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. என் டீ ஒன்றே அந்தக் கோட்டாவைக் காலி செய்துவிட்டது. மைசூர்பாக், கேக், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அதற்கு மேல் வந்து உட்கார்ந்தவை. நான் இத்தனை நாள் லட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைத்திருந்தேன், உண்மையான ஆள் கையில் கிளாசாக இருந்தான்.

ஆகவே பண்டிகை நாளை விட்டுவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடுகிறேன், உட்கார்ந்து, தட்டில் வைத்து. டீயையும் டப்பாவையும் மட்டும் பிடித்துக்கொண்டேன்.

டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தேன், ஒரு மாதத்தில் போய்விட்டது. இத்தனைக்கும் பேக்டரியில் டீயை ருசித்துத் தரம் பார்க்கும் டேஸ்டர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து உறிஞ்சித் துப்புவதை இருபது வருடமாகப் பார்க்கிறேன், அவர் ஒரு நாளும் சர்க்கரை போட்டதில்லை. பாலில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க எடுக்கும் டஸ்ட் டீக்குத்தான் இனிப்பு தேவைப்படுகிறது. கொதித்த தண்ணீரை இறக்கி, இலைத்தேயிலையைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் மூடிவைத்து வடிகட்டினால் வெறுமனே குடிக்கலாம், அதுவும் பனிக்காலத்தில் எடுத்த தூளுக்கு ஒரு தனி மணம் உண்டு. அப்புறம் குளிரில் தாகம் தெரியாது. தெரியாததால் தண்ணீர் குடிப்பதில்லை, ஏதோ வேண்டும்போல் இருக்கிறது, அதைப் பசி என்று நினைத்து டப்பாவைத் திறக்கிறோம். மேஜையில் பிளாஸ்க் நிறைய சீரகம் போட்ட வெந்நீர் வைத்த பிறகு எனக்குப் பாதி முறுக்கு குறைந்தது, மிகைப்படுத்தவில்லை.

டப்பா விஷயம் அவ்வளவு சுலபமில்லை, அதில் அம்மா இருந்தார். முதலில் அக்கம்பக்கம் கொடுத்துக் காலி செய்யலாம் என்று பார்த்தேன். நம் ஊரில் பலகாரம் கொடுத்தனுப்பிய தட்டு வெறுமையாகத் திரும்பி வராது, உங்களுக்குத் தெரியாததல்ல. முறுக்கு போனால் சோமாஸ் வந்தது, லட்டு போனால் டிசம்பரில் பக்கத்து வீட்டு பிளம் கேக் வந்தது. டப்பா எடை குறையவே இல்லை. கடைசியில் வழி ஒன்றே ஒன்று, செய்வதையே குறைப்பது. மூன்று கிலோ மாவுக்குப் பதில் ஒரு கிலோ. "வீட்டுக்கு வர்றவங்களுக்கு என்னடா குடுப்ப, கேரட்டா?" என்றார் அம்மா. கேரட்தான் கொடுத்தேன். கேத்தி பக்கத்திலிருந்து வரும் கேரட், தழையோடு கட்டாக, காலையில் கழுவியது, கடித்தால் சத்தம் கேட்கும். மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முறுக்கை விட்டுவிட்டு அதைத்தான் மென்றார்கள், அவர்கள் ஊரில் முறுக்கு கிடைக்காதா என்ன. மிச்சமிருந்த டப்பாவைப் பரண்மேல் ஏற்றினோம். ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். சோம்பேறித்தனத்தை இப்படி ஒரு முறையாவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

விருந்தாளிகள் என்றால் மலையில் இருப்பவனுக்கு இன்னொரு கஷ்டம். அரையாண்டு லீவுக்குக் கீழேயிருந்து எல்லாரும் ஏறி வருவார்கள். சிம்ஸ் பூங்கா, தொட்டபெட்டா, போகும் வழியெல்லாம் மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், சாக்லேட், திரும்பும்போது வர்க்கி என்கிற மொறுமொறு ஊட்டி பிஸ்கட். அவர்களுக்கு அது வருடத்தில் ரெண்டு நாள். கூடப் போகிற எனக்கு ஒரு சீசனில் ஆறு தடவை. வர்க்கியைக் குறை சொல்ல மாட்டேன், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, விறகடுப்பில் சுட்ட சூட்டோடு உதிர்கிறபோது அதற்கு ஈடில்லை. ஆனால் அது மைதா, சர்க்கரை, கொழுப்பு. டீயில் நனைத்துத் தின்றால் எத்தனை போனது என்றே தெரியாது. இப்போது சோளத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், பஜ்ஜி அவர்களுக்கு. வர்க்கி ரெண்டு, எண்ணி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு பாக்கெட்டைக் கட்டிவிடுவேன்.

வெல்லம் நல்லதுதானே, நாட்டுச் சர்க்கரை போட்டால் பரவாயில்லையா, தேன்? எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேர்கிறது. சர்க்கரைப் பொங்கலைச் சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள், வெல்லம் என்ற தைரியத்தில் சாப்பிடாதீர்கள். சுகர்ஃப்ரீ ஸ்வீட்டிலும் மாவும் நெய்யும் அப்படியேதான் இருக்கின்றன.

விருந்தில் நான் செய்வது ஒரே மாற்றம்தான், முதலில் காய். பொரியல், கூட்டு, கொஞ்சம் பருப்பு இவற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, சோறும் தானாகக் குறைகிறது. காய்க்கு இங்கே பஞ்சமில்லை. பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல், பட்டாணி என்று மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும்போது உருளைக்கிழங்கை மட்டும் வறுத்து வைத்துவிட்டு அதைக் காய் என்று சொல்லிக்கொள்வது நம் வழக்கம்.

சாப்பிட்டதும் நடங்கள், பத்துப் பதினைந்து நிமிடம், தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். நல்ல யோசனை. ஆனால் அவர் சமவெளிக்காரர். இரவு எட்டு மணிக்கு எங்கள் தெரு வளைவில் காட்டெருமை நிற்கும், சில நாள் பேக்கரி வாசனைக்குக் கரடி வரும். வாக்கிங் போய் சர்க்கரையைக் குறைத்தேன், ஆளையும் குறைத்துவிட்டேன் என்றாகிவிடக் கூடாதே. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேக்டரியிலிருந்து மேல் ரோடு வரை படிக்கட்டில் ஒரு தடவை ஏறி இறங்குகிறேன். ராத்திரி விருந்து என்றால் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே பாத்திரம் ஒதுக்குகிறேன். மனைவிக்கு இந்த வைத்தியம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அடுத்த ஜனவரியில் 5.9 வந்தது. அதற்கடுத்த வருடமும் 5.9. எடை நாலு கிலோ குறைந்தது, ரெண்டு திரும்பி வந்துவிட்டது.

கடைசியாக, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாதீர்கள். வேறு எதையாவது கேளுங்கள். வீட்டுக்காரர்களுக்கு நம்மைக் கவனித்த திருப்தி வேண்டும், அவ்வளவுதான். "சர்க்கரை இல்லாம ஒரு கட்டன் டீ" என்று கேட்டால் அதைத் தனியாகப் போடுகிற வேலையில் ஸ்வீட் தட்டை மறந்துவிடுவார்கள்.

போன மார்கழியில், எங்கள் மலையின் படுகர் மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு, கூட வேலை பார்க்கும் நண்பர் தன் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு அப்படித்தான் பெயர்) அழைத்திருந்தார். துப்பதிட்டு செய்திருந்தார்கள், படுகர் வீட்டு விசேஷங்களில் நெய்யில் பொரித்து எடுக்கும் இனிப்பு. ஒன்று முழுசாகச் சாப்பிட்டேன். அவருடைய அம்மா இரண்டாவதை எடுத்துக்கொண்டு வந்தபோது, "அம்மா, அந்த அவரைக் குழம்பு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றேன். அவ்வளவுதான், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். மூன்று கரண்டி ஊற்றினார், எந்தத் தோட்டத்து அவரை, எப்போது காயவைத்தது என்ற கதையோடு. கிளம்பும்போது ஒரு துணிப்பையில் ரெண்டு கிலோ காய்ந்த அவரை கொடுத்தனுப்பினார். எங்கள் அம்மா அதை அந்த எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். திறந்தால் அதே டங்.