ஏரிக்கும் கரையோரக் கடலுக்கும் ஒரே பாய்மரப் படகு: கேள்வி-பதில்

கேள்வி: வீட்டில் நால்வர், பிள்ளைகளுக்கு 7, 10 வயது. பெரும்பாலும் ஏரியில் பகல் நேர ஓட்டம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கரையோரக் கடலில் படகிலேயே இரவு தங்க ஆசை. 19, 22, 26 அடியில் மூன்று படகுகள் பார்த்து வைத்திருக்கிறோம். எதை எடுப்பது?

பதில்: 22 அடி. காரணம் அறையின் அளவில் இல்லை, கரையிலிருந்து தண்ணீருக்குப் போக ஆகும் நேரத்தில் இருக்கிறது. டிரெய்லரில் வரும் 22 அடிப் படகில் பழகிய இருவர் பாய்மரத்தை நிமிர்த்தி, கம்பிவடங்களை மாட்டி, பாயைப் பூட்டித் தண்ணீரில் இறக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 26 அடியில் இது இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். பிள்ளைகளின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் படகு வாசலிலேயே நிற்கும்.

நீளம் 22-லிருந்து 26 ஆவது பார்க்கச் சிறிய வித்தியாசம். ஆனால் அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் கூடுவதால் படகின் கன அளவு ஏறத்தாழ 1.65 மடங்கு ஆகிறது. பாய், கயிறு, நங்கூரம், மோட்டார், அடிப்பூச்சு எல்லாவற்றின் செலவும் நீளத்தோடு அல்ல, இந்தக் கணக்கோடுதான் ஏறும். ஆண்டு முழுவதும் கட்டுதளத்தில் மிதக்கவே விடப்போகிறீர்கள் என்றால் மட்டும் 26 அடியைப் பாருங்கள்.

விளம்பரத்தில் ‘ஐவர் தூங்கலாம்’ என்றிருந்தால் இருவர் வசதியாக, நால்வர் நெருக்கியடித்து என்று படியுங்கள். படுக்கையின் நீளத்தை அளவுநாடா வைத்து அளக்கவும், 190 செ.மீ.க்குக் குறைந்தால் பெரியவர் கால் நீட்ட முடியாது. 22 அடியில் அறைக்குள் நிமிர்ந்து நிற்க இயலாது, கூரையை உயர்த்தும் வசதி இருந்தால் ஒழிய. காக்பிட்டில் (படகை ஓட்டுபவரும் மற்றவரும் உட்காரும் திறந்த பகுதி) உட்காரும் பலகை 2 மீட்டர் இருக்கிறதா என்பதே முக்கியம். படகில் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும். 19 அடி, இரண்டு பெரியவர்களுக்கு அருமையான அளவு. நால்வரோடு இரவு தங்கினால் இரண்டாம் நாள் காலையில் சண்டை வரும்.

கேள்வி: நிலையான கீல் (படகின் அடியில் கீழ்நோக்கி நீண்டு நிற்கும் கனமான தகடு), மடங்கும் கீல், இரட்டைக் கீல், தண்ணீர் நிரப்பும் அடிச்சுமை (படகு கவிழாமல் இருக்க அடியில் வைக்கும் எடை) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது பாதுகாப்பு?

பதில்: முதலில் படகு எங்கே நிற்கும் என்று முடிவு செய்யுங்கள், கீல் தானாக முடிவாகும்.

வீட்டில் டிரெய்லரில் என்றால் மடங்கும் கீல் அல்லது நீர்ச்சுமை. நிலையான கீல் உள்ள 22 அடிப் படகு ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் கேட்கும். படகிறக்கும் சாதாரணச் சரிவில் டிரெய்லரை அவ்வளவு ஆழத்துக்குத் தள்ள முடியாது. வற்றும்போது தரை தெரியும் ஓதக் கழியில் கட்டுவதானால் இரட்டைக் கீல். நீர் வடிந்ததும் சேற்றில் நிமிர்ந்து உட்காரும். ஆழமான கட்டுதளம் நிரந்தரமாகக் கிடைத்தால் நிலையான கீலைவிட நிம்மதி எதுவும் இல்லை: அசையும் பாகம் கிடையாது, எடை ஆழத்தில் இருக்கும், காற்றை எதிர்த்து ஏறுவதும் நன்றாக இருக்கும்.

மடங்கும் கீலின் நல்ல உதாரணம் கேட்டலினா 22. 1969-இல் தொடங்கி 15,000-க்கும் மேல் செய்யப்பட்டதால் உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. கீலை ஏற்றினால் 2 அடி, இறக்கினால் 5 அடி ஆழம். அந்த வார்ப்பிரும்புக் கீல் சுமார் 250 கிலோ. அதைத் தாங்குவது குறுக்கே ஒரு அச்சாணி, தூக்குவது ஒரு கம்பிவடம். கோளாறு வருவதெல்லாம் இந்த இரண்டில்தான். அச்சாணியும் துளையும் தேய்ந்தால் நங்கூரத்தில் நிற்கும்போது இரவெல்லாம் ‘டொக் டொக்’ என்று அடிக்கும். விட்டுவிட்டால் துளை முட்டை வடிவமாகிவிடும். கம்பிவடம் அறுந்தால் கீல் மொத்தமாக விழுந்து படகின் அடியைப் பிளக்கலாம். உப்புநீரில் மிதக்கும் படகுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வடத்தை மாற்றுவது மலிவான காப்பீடு.

மேக்கிரெகர் 26 போன்ற நீர்ச்சுமைப் படகில், மாதிரிக்கு ஏற்ப 450 முதல் 650 கிலோ தண்ணீர் அடித்தொட்டியில் நிற்கும். இழுத்துப் போகும்போது அந்த எடை இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் தொட்டி காலியாக இருந்தால் படகுக்குத் தன்னை நிமிர்த்தும் வலு கிடையாது. அரைகுறையாக நிரம்பியிருந்தால் இன்னும் மோசம்: படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும். முழுக்க நிரப்பி, வால்வை மூடி, மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆட்களை ஏற்ற வேண்டும். அந்த ஒழுங்கு கைவராதவர் இந்த வகைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இரட்டைக் கீலுக்குப் பெயர்போன வெஸ்டர்லி சென்டார் 26 அடி. தரைதட்டினாலும் பதறாத படகு. கீல்கள் அடிப்பகுதியோடு சேரும் இடத்தில் ஃபைபர் நெளிகிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும்: எதிர்காற்றில் பெரும்பாலான இரட்டைக் கீல் படகுகள் சற்று மந்தம்தான்.

கேள்வி: படகின் தகட்டில் ‘சி பிரிவு’ என்று போட்டிருக்கிறது. கடலுக்குப் போதுமா?

பதில்: ஐரோப்பிய விதிப்படி சி என்பது காற்று பியூஃபோர்ட் (காற்றின் வலுவைக் குறிக்கும் அளவுகோல்) 6 வரை, குறிப்பிடத்தக்க அலை உயரம் 2 மீட்டர் வரை. பி என்றால் காற்று 8, அலை 4 மீட்டர். டி என்றால் காற்று 4, அலை 0.3 மீட்டர், அது ஒதுக்குப்புற நீருக்கு மட்டும். குறிப்பிடத்தக்க அலை உயரம் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையில் ஒன்றிரண்டு அலைகள் அதைப்போல இரு மடங்கு வரை எழும்.

கரையோரப் பகல் பயணத்துக்குச் சி போதும். ஆனால் பியூஃபோர்ட் 6 என்பது 22 முதல் 27 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேக அளவு) காற்று. பிள்ளைகளோடு அதில் போவது பயணம் அல்ல, தண்டனை. 5-ஐத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் கரையில் இருங்கள். அதே தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு சுமை என்றும் இருக்கும். பிரிவு அந்த எண்ணிக்கைக்குள் மட்டுமே செல்லும். 1998 ஜூனுக்கு முன் விற்ற பழைய படகுகளில் பெரும்பாலும் இந்தத் தகடே இருக்காது. அதனால் அவை மோசம் என்று ஆகிவிடாது. அடிச்சுமை மொத்த எடையில் 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, காக்பிட்டில் விழும் தண்ணீர் தானாக வெளியேறுகிறதா, அறை வாசற்பலகையைக் காற்றிலும் நழுவாமல் பூட்ட முடிகிறதா, பாயைச் சுருக்க இரண்டு வரிசைத் துளைகள் உண்டா என்பவற்றைப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தப் படகை ஏரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: முப்பது வயதான படகு ஒன்று, பளபளவென்று மெழுகு போட்டு நிற்கிறது. விலையும் குறைவு. எதைச் சோதிப்பது?

பதில்: மெழுகைப் பார்க்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் சுத்தியல், டார்ச், திருப்புளி, பழைய பருத்தித் துணி, இவை போதும். படகு தண்ணீருக்கு வெளியே, டிரெய்லரிலோ தாங்கியிலோ இருக்கும்போதுதான் போக வேண்டும்.

முதலில் மேல்தளம். பெரும்பாலான ஃபைபர் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் அல்லது பிளைவுட் வைத்துச் செய்தது. திருகு போட்ட ஓட்டை வழியே மழைநீர் இறங்கினால் நடுமரம் மக்கிப்போகும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்: நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும், மக்கிய இடம் ‘தொப்’ என்று அடங்கும். பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகளின் அடி, ஜன்னல் ஓரம் ஆகிய மூன்றும் வழக்கமாகக் கெடுபவை. உள்ளங்கை அளவு மக்கல் என்றால் விலை பேசலாம். பாய்மரத்தின் அடியே அமுங்கியிருந்தால், அல்லது அதற்கு நேர்கீழே அறைக்கதவு இழுத்துப் பிடித்தால், நடையைக் கட்டுங்கள்.

அடுத்து பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்கள். துணியைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் இழுங்கள்; அறுந்த இழை இருந்தால் நூல் மாட்டும். கையால் தடவ வேண்டாம், கிழித்துவிடும். வடம் உலோகக் குழலுக்குள் அழுத்திப் பொருத்திய கீழ்முனையில் தண்ணீர் தங்கும், அங்கேதான் மயிரிழை விரிசல் பிறக்கும். 10 முதல் 15 ஆண்டு கடந்த வடத்தை, அழகாக இருந்தாலும், மாற்ற வேண்டிய கணக்கில் சேருங்கள். வடங்களைப் படகோடு பிணைக்கும் தகடுகள் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், உள்பக்கம் துருவின் பழுப்புக் கோடு வழிந்திருக்கிறதா? வழிந்திருந்தால் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

கீலின் முன்முனை படகோடு சேரும் இடத்தில் வாய் திறந்தாற்போல் விரிசல் இருந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம். கீலின் பின்முனைக்கு நேர்மேலே, அறைக்குள் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். வேகமாகத் தரைதட்டிய படகில் கீலின் பின்முனைதான் மேல்நோக்கி இடிக்கும். விற்பவர் சொல்லாத கதையை அந்த இடத்து விரிசல் சொல்லிவிடும்.

சுக்கானின் பிடியைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் வெற்றாட்டம் கூடாது. நிறுத்தி வைத்த படகில் சுக்கானின் அடியிலிருந்து துளித்துளியாக நீர் கசிந்தால் உள்ளே ஊறியிருக்கிறது. அடிப்பகுதியில் கொப்புளம் இருந்தால் பயப்பட வேண்டாம். காசு அளவில் பத்திருபது என்றால் சரிசெய்யக்கூடியதே. படகு உப்புநீரில் ஓடியது என்றால் அறைக்கடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்புங்கள். உப்புக் கரித்தால் அடியில் ஓட்டை, கரிக்காவிட்டால் மேல்தளத்தில் மழைக்கசிவு. டீசலோ எண்ணெயோ மிதந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடலாம்!

பாய்களை விரித்து, தையலை நகத்தால் சுரண்டுங்கள். வெயிலில் துணிக்கு முன்பே நூல் செத்துவிடும். ‘பாய் நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். தொளதொளத்த பாய் படகை முன்னே தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் சாய்ப்பதுதான் அதிகம், அது பிள்ளைகளைப் பயமுறுத்தும்.

கேள்வி: மோட்டார் எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? விற்பவர் 15 போட்டு வைத்திருக்கிறார்.

பதில்: டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டன் எடையுள்ள 22 அடிப் படகுக்கு எதிர்காற்றுக்கும் சேர்த்து 5, 6 போதும். நீர்க்கோட்டு நீளத்தை (படகு தண்ணீரைத் தொடும் மட்டத்தில் அதன் நீளம்) அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் உச்ச வேகம் வரும். 19 அடி நீர்க்கோட்டுக்கு அது 5.8. இத்தகைய படகை 15 குதிரைத்திறனாலும் அதற்கு மேல் பெரிதாக ஓட்ட முடியாது. பின்பகுதிதான் எடையில் அமிழும்.

குதிரைத்திறனைவிடத் தண்டின் நீளம் முக்கியம். 20 அங்குலம் குறைந்தபட்சம்; கடலுக்குப் போவதானால் 25. அலையில் பின்பகுதி எழும்போது விசிறி காற்றில் சுழன்று கத்தும். துறைமுக வாயிலில் அது நடந்தால் வேடிக்கையாக இருக்காது. ஏரிக்கு மட்டும் என்றால் மின்மோட்டார் இதமானது. ஆனால் 1 கிலோவாட் மோட்டார் முழு வேகத்தில் 1 கிலோவாட் மணி பேட்டரியை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். நீரோட்டம் உள்ள கடலில் அதை நம்ப முடியாது.

கேள்வி: படகு 1,000 கிலோ என்கிறது கையேடு. கார் 1,300 கிலோ இழுக்கும். சரிதானே?

பதில்: சரியில்லை. கூட்டிப் பாருங்கள்: படகு 1,000, டிரெய்லர் 350, மோட்டார் 27, பேட்டரி 20, எரிபொருள் 10, நங்கூரமும் சங்கிலியும் 15, தண்ணீர் 40, பாய், மெத்தை, அடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் சேர்த்து 100. ஆக 1,562 கிலோ. பழைய படகில் ஊறிய தண்ணீரின் எடை வேறு. காரின் வரம்பில் 85 சதவீதத்தோடு நிற்பதானால் 1,850 கிலோ இழுக்கும் வண்டி வேண்டும். வாங்குமுன் பொது எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே நிச்சயம்.

இணைப்புக் கொக்கியில் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் அழுத்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஆறேழு ஆண்டு ஆன டயர், பட்டன் தேயாமல் இருந்தாலும் வெடிக்கலாம். சரிவுக்கு வந்ததும் சக்கரத்தின் மையத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்போதே இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உறிஞ்சும், கிரீஸ் பால்போல் ஆகும், அடுத்த பயணத்தில் பேரிங் போகும். அப்புறம், பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று இருவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஏரிப் படகைக் கடலுக்குக் கொண்டுபோக என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: அரிமானத் தகடு (மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத்துண்டு) முதலில். நன்னீருக்கு மெக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம், இரண்டுக்கும் மாறிமாறிப் போவதானால் அலுமினியம். பிறகு நங்கூரக் கயிறு: ஏரிப் படகில் 15 மீட்டர்தான் கிடக்கும். 5 மீட்டர் ஆழம், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டர் என்றால் 6-ஐ 7-ஆல் பெருக்கி 42 மீட்டர் விட வேண்டும். ஓதம் ஏறும் இடத்தில் ஏறிய பிறகுள்ள ஆழத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அதில் முதல் 5, 6 மீட்டராவது சங்கிலி. ஏரி எளிது என்றும் எண்ண வேண்டாம். அங்கே அலை குட்டை, நெருக்கம், செங்குத்து. சின்னப் படகைக் கடல் அலையைவிடக் கடுமையாக உதறும்.

கேள்வி: மொத்தச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: பழைய சிறு படகில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு செட் பாய், கம்பிவடம், மோட்டார், டயர் ஆகிய நான்குக்கும் புது விலை கேட்டு எழுதுங்கள். அவற்றில் எது எது மூன்று ஆண்டுக்குள் மாற்ற வேண்டியதோ அதை விற்பவர் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். அதே மாதிரிப் படகு நல்ல நிலையில் வேறெங்கோ அந்தத் தொகைக்குக் கிடைத்தால், மலிவானது மலிவல்ல. முன்பணம் கொடுத்தால் ‘ஆய்வும் சோதனை ஓட்டமும் திருப்தியானால் மட்டும்’ என்று எழுதி வாங்குங்கள். அந்த ஓட்டத்தை 10 நாட் வேகத்துக்குக் குறையாத காற்றில், வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு செய்யுங்கள். அசையாத நீரில் எல்லாப் படகும் நல்ல படகுதான்.