தினமும் தண்ணீர் ஊற்றியும் விதை முளைக்கவில்லை, ஏன்?

தினமும் ஊற்றுவதுதான் காரணமாக இருக்கும். நீரை உறிஞ்சிய விதை சுவாசிக்கத் தொடங்கும். சொதசொதவென்ற மண்ணில் காற்று இல்லாததால் அது அழுகிவிடும்.

தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிப்போகும். ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு 2 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் கசிந்தால் ஈரம் அதிகம். குழித்தட்டோ பழைய டப்பாவோ, அடியில் துளை கட்டாயம்.

ஆழத்தில்தான் பலர் தவறுகிறார்கள். விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு போதும். தக்காளி, கத்திரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். வெண்டைக்கு 2 சென்டிமீட்டர். கீரை விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மணல் போட்டால் சரி.

வெண்டையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். பாகலுக்குத் தோல் கெட்டி. ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஊறவைத்தால் சீக்கிரம் முளைவிடும். எதையும் 24 மணி நேரத்துக்கு மேல் நீரில் விடாதீர்கள். தக்காளிக்கு ஊறலே தேவையில்லை.

மிதக்கும் விதை பதர் என்பதை முழுசாக நம்ப வேண்டாம், நன்கு காய்ந்த நல்ல விதையும் மிதக்கும். சந்தேகமிருந்தால் 10 விதையை ஈரமான டிஷ்யூ தாளில் மடித்து மூடிய டப்பாவில் வையுங்கள். 7 முளைத்தால் நல்ல விதை; 3தான் என்றால் குழிக்கு மூன்றாகப் போடுங்கள். முளைத்ததை நட நினைத்தால், வேர் அரை சென்டிமீட்டரைத் தாண்டும் முன் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் தாளுக்குள் பின்னிக்கொண்டு முறியும்.

25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தக்காளி ஒரு வாரம், பத்து நாளில் வரும். மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் கிளறிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும்.

முளை தலை காட்டியதும், தட்டை மூடி வைத்திருந்தால் மூடியை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள், இல்லையேல் வெளிறி நெட்டையாக வளர்ந்து சாயும். தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்தால் அது வேறு, பூஞ்சையால் வரும் நாற்றழுகல். அந்த நாற்று பிழைக்காது. சுற்றியுள்ள கலவையோடு அள்ளிப் போட்டுவிடுங்கள். அதன்பின் மேலே ஊற்றாமல், தட்டை 15 நிமிடம் நீரில் வைத்து எடுத்து வடியவிடுங்கள். மேற்பரப்பு நிறம் வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர்.