சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்: போஸ்டர் செய்யும் மகளுக்கு ஆங்கிலம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் கலைப்பிரிவில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். ஆங்கிலத்தில் நாலு வசனம் சேர்ந்தாற்போல் கதைக்க வராது. லண்டனில் இருக்கும் மாமா, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆங்கில டிப்ளோமாவில் சேர்க்கச் சொல்கிறார். முடிந்த கையோடு ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதினால் அங்கே கூப்பிட்டுக்கொள்ளலாமாம். கட்டணமும் ஒன்பது மாதத் தங்குமிடமும் சேர்த்து 360,000 ரூபா வரும். தாயின் சங்கிலியை அடகு வைத்தால் சரிக்கட்டலாம். மகளோ நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிறாள். நிலாவெளியில் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணா நடத்தும் விருந்தினர் விடுதிக்கு பேஸ்புக்கில் போடும் போஸ்டர்களை அவள்தான் செய்துகொடுக்கிறாள். "இப்படியே விட்டால் பிள்ளையின் வாழ்க்கை வீணாகிவிடுமோ?" என்பது தாயின் கேள்வி.

அம்மா, வீணாகாது. ஆறுதலுக்கு அந்த ஒரு சொல் போதும். இனி நான் சொல்வது உங்கள் சொந்தக்காரருக்குப் பிடிக்காமல் போகலாம்.

சங்கிலியை அடகு வைக்காதீர்கள். வட்டி மாதம் 2 வீதம் என்று வைத்தாலும் 360,000 ரூபாவுக்கு மாதம் 7,200 ரூபா போகும், ஒன்பது மாதத்தில் 64,800. முதல் அப்படியே நிற்கும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும்? முப்பது பேர் இருக்கும் இரண்டு மணித்தியால வகுப்பில் ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கதைக்கக் கிடைப்பது 4 நிமிடம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அதுவும் கிடைக்காது. எந்தத் தனியார் நிறுவனமானாலும் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கம் என்ன, இந்தக் கற்கைநெறிக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம்? சுற்றிவளைத்துப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். ஒரு பரீட்சை, அது ஆங்கிலம் படிப்பிக்காது. எழுத்துப் பகுதியில் மட்டும் ஒரு மணித்தியாலத்துக்குள் குறைந்தது 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றும் எழுத வேண்டும். பெறுபேறு செல்லுபடியாவது இரண்டு வருடத்துக்குத்தான். போவது உறுதியாகாத ஒரு பயணத்துக்காக இப்போதே எழுதினால் காசும் போகும், பிள்ளையின் நம்பிக்கையும் போகும். வளாகம், அரச பயிற்சி நிலையங்கள் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரிந்த வழிகள், பெறுபேறு வந்தபின் பார்க்கலாம்.

மகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதே தவறு. மூன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை. ஏ.எல்.லில் பொது ஆங்கிலம் வளாக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது என்பதால் எல்லாரையும்போல அவளும் கைவிட்டிருப்பாள். சொற்கள் உள்ளே இருக்கின்றன, எடுத்துப் பாவிக்க வழியில்லாமல் கிடக்கின்றன. அந்த வழி அவள் தினமும் பார்க்கும் விளம்பரத்திலும் போனிலும் இருக்கிறது. அவளுக்குப் போஸ்டர் செய்யப் பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தேவையானவை ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை, போனில் உள்ள குரல்பதிவு, நாளுக்கு 40 நிமிடம். 90 நாள் செய்யட்டும்.

முதல் இரண்டு கிழமைக்குப் போனே வேண்டாம். குசினிக்குள் போகச் சொல்லுங்கள். பால்மா பக்கெட், பிஸ்கட், சவர்க்காரம், மின்சாரப் பட்டியல் இவற்றில் நம் நாட்டில் அநேகமாக மூன்று மொழி இருக்கும். தமிழ்ப் பக்கத்தைப் பெருவிரலால் மறைத்துவிட்டு ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கொப்பியில் எழுதி, பிறகு விரலை எடுத்து ஒப்பிட வேண்டும். அடுத்தநாள் மறுபக்கமாக, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. ஒரே ஒரு வரியைப் பாருங்கள்: 'ஸ்டோர் இன் எ கூல், ட்ரை பிளேஸ்'. தமிழில் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்'. நமக்குக் கடைசியில் வரும் 'வைக்கவும்' அங்கே தலையில் வந்து நிற்கிறது. 'இடத்தில்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இல்', அங்கே 'இன்' என்று பிரிந்து முன்னால் போய்விடுகிறது. அந்த 'எ'க்கு இந்தத் தமிழ் வரியில் சொல்லே இல்லை. நம் பிள்ளைகள் அதை விட்டுவிடுவது அதனால்தான். இந்த மூன்றும் கைக்கு வந்தால் பாதி இலக்கணம் வந்த மாதிரி.

மூன்றாம் கிழமையிலிருந்து நாளுக்கு ஒரு விளம்பரம். ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகையின் சிறு விளம்பரப் பக்கம், இக்மன் என்ற இணைய விளம்பரத் தளம், கடைகளின் பேஸ்புக் பக்கம், எதுவானாலும் சரி. பெரிய சொற்களை அவள் தானாகப் பிடிப்பாள். இடற வைப்பவை சின்னச் சொற்கள். 'அப் டு 50% ஓஃப்' என்றால் எல்லாவற்றுக்கும் பாதி விலை இல்லை, ஏதோ ஒரு பொருளுக்கு மட்டும் பாதி விலையாக இருக்கலாம். 'ஃப்ரொம் 4,990' என்றால் விலை அங்கிருந்து தொடங்கி மேலே போகிறது. 'வைல் ஸ்டொக்ஸ் லாஸ்ட்' என்பதில் 'லாஸ்ட்' கடைசி அல்ல, இருப்பு முடியும்வரை என்று பொருள். கிழமைக்கு இப்படி 12 சொல் போதும். முப்பது, நாற்பது என்று எழுதினால் கொப்பி நிறையும், வாயில் ஒன்றும் நிற்காது.

விளம்பரத்தை அப்படியே பார்த்து எழுதினால் ஒரு பழுது வரும். இடம் மிச்சம் பிடிக்க விளம்பரக்காரர் வசனத்தை வெட்டிவிடுவார்கள். 'ரூம்ஸ் அவைலபிள்' என்பது வசனம் இல்லை. அதை 'தேர் ஆர் ரூம்ஸ் அவைலபிள்' என்று விரித்து எழுத வேண்டும். நாளுக்கு ஐந்து வெட்டுத்துண்டுகளை விரித்தால் போதும். 'எ', 'த' இரண்டும் இங்கேதான் பிடிபடும். 'ஒரு அறை இருக்கிறது. அந்த அறைக்கு பல்கனி உண்டு' என்று நாம் சொல்வதுபோல, முதன்முதலில் சொல்லும்போது 'எ ரூம்', தெரிந்தபின் 'த ரூம்'. 'ஒரு', 'அந்த' என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் அநேகமாகச் சரியாக வரும்.

உச்சரிப்புக்கும் விளம்பரம் நல்ல பாடம். விலை என்ற 'ப்ரைஸ்', பரிசு என்ற 'ப்ரைஸ்' இரண்டையும் தமிழில் ஒரே மாதிரித்தான் எழுதுகிறோம். அதனால் ஒரே மாதிரிச் சொல்லியும் விடுகிறோம். தொண்டையில் இரண்டு விரலை வைக்கச் சொல்லுங்கள். விலை என்ற சொல்லின் கடைசி ஒலியில் தொண்டை அதிராது. பரிசு என்ற சொல்லில் தேனீ இரைவதுபோல அதிரும், அதற்கு முன்னுள்ள 'ஐ'யும் சற்று நீளும். விளம்பரத்தை ஒரு நிமிடம் வாசித்துப் பதிவுசெய்து, திரும்பக் கேட்டு, இன்னொருமுறை பதியட்டும். முதல் நாள் பதிவை அழிக்க வேண்டாம், முப்பதாம் நாள் தேவைப்படும்.

போனில் செய்யவேண்டியது வேறு. முதலில் போனின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்டு ஒரு வரி காட்டும், அதை வாசிக்காமல் அழுத்தக்கூடாது. இலவசச் சலுகை ஒன்றின் அடியில் 'அன்லெஸ் யூ கான்சல்' என்று இருந்தால், நீங்கள் நிறுத்தாவிட்டால் காசு வெட்டப்படும் என்று அர்த்தம். 'மே' என்றால் செய்யக்கூடும், 'மஸ்ட்' என்றால் செய்தே ஆகவேண்டும். வீட்டிலிருந்து வேலை என்று வரும் குறுஞ்செய்திகளையும் வாசிக்கப் பழக்குங்கள். அவசரப்படுத்தும் சொல்லும், முதலில் சிறு தொகை கட்டச் சொல்லும் வரியும் சேர்ந்து வந்தால் அது பொறி.

மொழிபெயர்ப்புச் செயலியை முதலில் திறக்கவே கூடாது. தமிழில் 'நாளைக்கு வருகிறார்' என்றால் ஆணா பெண்ணா என்று இல்லை. செயலி ஒன்றைத் தானாகத் தெரிந்தெடுக்கும், பெரும்பாலும் 'ஹீ' என்று போடும். விருந்தினர் ஒரு பெண்ணானால் வெட்கக்கேடு. தானே எழுதிவிட்டு, சரிபார்க்க மட்டும் பாவிக்கட்டும். அரட்டையில் எழுதும் ஓரெழுத்துச் சுருக்கங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தனியாக வைக்கட்டும். அவை மின்னஞ்சலுக்குள் வந்தால் விண்ணப்பம் அதோடு சரி.

இரண்டாம் மாதப் பாடம் அண்ணாவின் விடுதியிலிருந்து. நிலாவெளியில் தங்கிப்போனவர்கள் எழுதும் கருத்துகள்தான் அவளுடைய பாடப்புத்தகம். 'எ பிட் நொய்சி' என்று ஒருவர் எழுதினால் 'கொஞ்சம் சத்தம்' என்று தமிழாக்கிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. அநேகமாக அவருக்கு இரவு நித்திரை இல்லை. 'குட் பி கிளீனர்' என்பதும் அப்படித்தான், பதமாகச் சொன்ன முறைப்பாடு. பதில் நாலு வசனம்: நன்றி, அவர் சொன்ன குறையை அவர் சொல்லாலேயே திரும்பச் சொல்வது, செய்த திருத்தம், மீண்டும் வரச்சொல்வது. மூன்றாவது வசனத்தில்தான் நம்மவர் பிழைவிடுகிறார்கள். 'மின்விசிறியை மாற்றிவிட்டோம்' என்பதற்கு 'வீ ஹாவ் சேஞ்ட் த ஃபேன்'. 'நேற்று' என்று நாளைச் சொன்னால் அந்த 'ஹாவ்' போய்விட வேண்டும்: 'வீ சேஞ்ட் த ஃபேன் யெஸ்டர்டே'. இதுபோல 20 பதில் எழுதினால் இறந்தகாலத்தில் இடறமாட்டாள்.

மூன்றாம் மாதம் சொந்தமாக எழுத வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் 60 சொல்லில் ஒரு அறிமுகம். புறாமலைக்குப் படகில் போவோர் கவனிக்க வேண்டியவை ஐந்து வரி: முருகைக்கல்லை மிதிக்காதே, குப்பை போடாதே என்ற மாதிரி. விடுதிக்கு இரண்டு போஸ்டர். பத்து நல்ல வேலைகளை ஒரு கோப்பில் சேர்த்தால், மே மாதம் சுற்றுலாப் பருவம் தொடங்குமுன் நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் காட்டலாம். முன்பதிவுச் செய்திக்குப் பதில் எழுதவும் முகநூல் பக்கத்தைப் பார்க்கவும் ஆள் தேவைப்படும் இடங்கள் அவை. அங்கே அவளை மதிப்பிடுவது அந்தக் கோப்பை வைத்துத்தான்.

கேட்டுப் பழக பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் தளமும் பி.பி.சி. லேர்னிங் இங்கிலிஷும் இலவசம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் ஒரு கட்டுப்பாடு தேவை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் "எங்கே, இங்கிலிஷில ஏதாவது சொல்லு பாப்பம்" என்று பிள்ளையைச் சோதிக்கக் கூடாது. கொழும்பில் இருக்கும் மச்சாளோடு ஒப்பிடவும் கூடாது. அப்படி ஒருமுறை வாயை மூடிய பிள்ளை திரும்பத் திறக்க மாதக்கணக்காகும்.

மாமாவைப் பகைக்க வேண்டாம், அவரால் ஆகக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. லண்டனில் அவர் வீட்டு வாசலுக்கு வரும் கடைத் துண்டுப்பிரசுரங்களைப் படமெடுத்துக் கிழமைக்கு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறு 15 நிமிடம், அந்தத் துண்டில் எதை வாங்கினால் லாபம் என்று மருமகளோடு ஆங்கிலத்தில் மட்டும் கதைக்கட்டும். அவள் கதைக்கும்போது இடையில் திருத்தக்கூடாது. பிழைகளை ஒரு தாளில் குறித்துவைத்து, கதைத்து முடிந்தபின் மூன்றே மூன்றை மட்டும் சொல்லட்டும்.