வேலைத்தளத்தில் வேண்டாத விருப்பம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உடன் வேலை செய்பவர் இரவில் வாட்ஸ்அப்பில் அன்பு வார்த்தைகள் அனுப்புகிறார். முகத்தை முறிக்க விரும்பாமல் பதில் போடாதிருக்கிறேன். போதுமா? (வாசகி, செங்கலடி)

போதாது. "வேலை விடயம் தவிர வேறெதற்கும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். மன்னிப்பும் காரணமும் வேண்டாம். வீட்டில் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிறதென்று சாக்குச் சொன்னால், அது குழம்பும்வரை அவர் காத்திருப்பார். எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டேன். இனி முறைப்பாடு செய்யலாமா? (வாசகி, ஏறாவூர்)

அழிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதியும் இப்படிச் செய்தால் எப்படி? ஆயினும் செய்யலாம். நடந்தவற்றைத் திகதியுடன் இன்றே எழுதுங்கள்; அப்போது யாரிடம் சொன்னீர்களோ அவர்களின் பெயர்களையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: மேற்பார்வையாளரைப் பற்றி முறையிட்டேன். "உங்கள் பாதுகாப்புக்காக" என்று என்னை அம்பாறைக் கிளைக்கு மாற்றப் போகிறார்களாம். ஏற்பதா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

நீங்கள் கேட்காத இடமாற்றத்தை வாய்மூடி ஏற்காதீர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் கதிரையிலேயே இருக்க, முறையிட்டவள் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்பதைப் பாதுகாப்பு என்று சொல்லும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பொறுப்பதில்லை. ஊரார் அதைப் பார்த்து "பிழை அவளில்தான்" என்று முடிவு கட்டுவார்கள். அடுத்ததாக முறையிட இருந்தவளும் வாயை மூடிக்கொள்வாள். விசாரணை முடியும்வரை அவரை வேறு பிரிவில் இருத்துமாறும், உங்களுக்கான இடமாற்றத்தின் காரணத்தை எழுத்தில் தருமாறும் கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். அரச நிறுவனமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்துக்குப் போகலாம். தனியார் நிறுவனம் உங்களை வேலையை விட்டே நீக்கினால், 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். கோபத்தில் விலகல் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அவள் ஒருமுறை மறுத்தாள், ஆனால் இன்னும் சிரித்துத்தான் பேசுகிறாள். மறுபடி கேட்கலாமா? (வாசகர், அக்கரைப்பற்று)

கேட்கக் கூடாது. ஒரே கந்தோரில் இருப்பதால் சிரித்துப் பேசுகிறாள், மறுப்பு மறுப்புத்தான்.

கேள்வி: ஒருவர் தொல்லை தருகிறார். சட்டம் என்ன சொல்கிறது? (பெயர், ஊர் இல்லை)

யார், என்ன செய்தார், எத்தனை நாளாக என்று ஒன்றும் எழுதாமல் கேட்டால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தளத்தில் செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகலும் இதில் அடங்கும். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறையிடலாம்.

கேள்வி: வீட்டில் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவார்கள். சொல்லத்தான் வேண்டுமா? (வாசகி, வாழைச்சேனை)

முறையிட வீட்டாரின் அனுமதி தேவையில்லை. ஆயினும் நம்பிக்கையான ஒருவரிடம், அக்காவிடமோ மாமியிடமோ, இன்றே சொல்லி வையுங்கள். யாருமில்லையென்றால் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள்.