எலுமிச்சைத் தொட்டியில் பறவை எச்சம் போல ஏழு புழுக்கள்

இரண்டடி எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏழு புழு இருக்கு, பாட்டிலில் வளர்த்த ரெண்டு செத்துப்போச்சு, வேப்பெண்ணெய் அடிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. அடிக்காதீங்க. நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாத்தான் இருக்கும். தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டுப் பாருங்க. கவட்டை மாதிரி ஒரு கொம்பு வெளியே வந்து நெடி அடிச்சா அதுவோ அதே குடும்பத்து வேறொரு வண்ணத்துப்பூச்சியின் புழுவோதான். கடைசித் தோலுரிப்புக்கு அப்புறம் பச்சையாகிடும், தீனியும் அப்போதுதான் அதிகம்.

இரண்டடிச் செடி ஏழைத் தாங்காது. இரண்டை விட்டுட்டு, மீதியை இலையோடு கிள்ளி நாரத்தையிலோ வில்வத்திலோ வையுங்க. அசையாமல் ஒட்டியிருப்பதைப் பிடுங்காதீங்க. தோலுரிக்கிற நேரம் அது.

பாட்டிலில் ரெண்டு செத்ததுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். மூடிய பாட்டிலில் இலை வியர்க்கும், எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். வலை மூடிய டப்பாவில் டிஷ்யூ விரிச்சு தினமும் மாத்துங்க. கொப்பைத் தண்ணீரில் நிறுத்தினா அந்தப் பாத்திரத்தோட வாயைப் பஞ்சால் அடைக்கணும், இல்லேன்னா புழு தண்ணீரில் இறங்கி மூழ்கிடும். மருந்தடிச்ச நர்சரி இலை கூடவே கூடாது.

கூட்டுப்புழுவை இடுப்பில் தாங்குற பட்டு நூலை அறுத்துடாதீங்க. கூட்டில் சின்ன வட்ட ஓட்டை தெரிஞ்சா கூட்டுப்புழுவை உள்ளிருந்தே தின்னு வளர்ற ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கிச்சுன்னு அர்த்தம். அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.